வெயிலில் அச்சான நூல்

போட்டோ என்று பேச்சில் வழங்கும் பொருளுக்குத் தமிழ் எழுத்துநடையில் பல பெயர்கள் உண்டு. ஒளிப்படம் என்பது ஒன்று. புகைப்படம் என்பது மற்றொன்று. அதில் புகைக்கு என்ன வேலை என்று கேட்டால் விடை கூறுவது கடினம். சற்றே பழைய நூல்களில் நிழற்படம் என்ற சொல்லும் காணப்படும். இவற்றுள் நிழற்படம் என்னும் பெயருக்கு முற்றிலும் பொருந்தும் படங்களை, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி தம் கைகளாலேயே ஆயிரக்கணக்கில் உருவாக்கினார். அவர் அவற்றிற்குக் கேமராவைப் பயன்படுத்தவில்லை. பொருளின் நிழலையே தாளில் விழச் செய்து, அந்நிழல் அழியாதவாறு நிலைநிறுத்தினார். அத்தாள்களைத் தொகுத்து நூலாகவும் ஆக்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த உலகின் முதல் நூல் அதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பெண்மணியின் பெயர் அன்னா அட்கின்ஸ்.

தந்தையும் மகளும்

அன்னா 1799ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், கென்ட் மாவட்டத்தைச் சார்ந்த டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். மகளை ஈன்றபின் உடல்நலம் தேறாத தாயார் அடுத்த ஆண்டே மறைந்தார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியல், கனிமவியல், விலங்கியல் ஆகிய துறைகளில் ஈடுபாடு கொண்டவர். டன்பிரிட்ஜில் அவர் அமைத்த மாபெரும் மின்கல அடுக்கைக் கொண்டு செய்த சோதனைகள் அக்காலத்து அறிவியல் உலகில் பேசப்பட்டன. புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அவருடைய நண்பர். அறிவியலைத் தொழிலாக்க வேண்டிய தேவை முதலில் சில்ட்ரனுக்கு இருக்கவில்லை. குடும்பத்தார் நடத்திய வங்கி நொடித்துப்போன பிறகுதான், 1816ஆம் ஆண்டில், அவர் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்தார். பின்னர் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் செயலாளராகவும் விளங்கினார்.

அன்னாவின் இளமைக்காலத்தில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ராயல் சொசைட்டியும் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை; முதன்முதலாக அது பெண்களை ஏற்றது 1945ஆம் ஆண்டில்தான். ஆகவே, தந்தை செயலாளராக இருந்த கழகத்தில் மகள் உறுப்பினராக ஒருபோதும் அமர முடியாது. ஆயினும் தந்தையின் நூல்களும் நண்பர்களும் அவருக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தன. பிரெஞ்சு அறிஞர் லமார்க், சிப்பிகளையும் சங்குகளையும் வகைப்படுத்தி எழுதிய நூலைச் சில்ட்ரன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, அதற்கு வேண்டிய 250க்கும் மேற்பட்ட ஓவியங்களை அன்னாவே வரைந்தார். ஓர் ஓட்டின் வளைவையும் வரியையும் பிழையின்றி வரைவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை இருபத்தைந்து வயதை எட்டுமுன்பே அவர் அறிந்திருந்தார். பின்னாளில் அவர் தூரிகையை விட்டுச் சூரியனை நாடியதற்கு இவ்வனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1825ஆம் ஆண்டில் அன்னா, ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரை மணந்து, கென்ட் மாவட்டத்திலேயே ஹால்ஸ்டெட் என்னும் ஊரிலுள்ள பெரிய இல்லத்தில் குடியேறினார். கணவர் மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிகம் செய்தவர். அத்தீவுகளின் செல்வம் அந்நாளில் அடிமைகளின் வியர்வையில் விளைந்தது என்பதையும் மறத்தல் ஆகாது; அன்னாவுக்குக் கிடைத்த ஓய்வுக்கும் வசதிக்கும் பின்னால் அந்த வரலாறும் உண்டு. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அன்னா செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்திப் பேணுவதில் ஈடுபட்டார். 1839ஆம் ஆண்டில் லண்டன் தாவரவியல் கழகத்தில் உறுப்பினரானார். பெண்களுக்குக் கதவு திறந்திருந்த மிகச் சில அறிவியல் கழகங்களுள் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு தந்தையும் பணியிலிருந்து ஓய்வுபெற்று மகளின் இல்லத்துக்கே வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கு மாற்றாக இரும்பு

அதே 1839ஆம் ஆண்டில்தான் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதன் முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். வெள்ளி உப்பு பூசிய தாளின்மேல் இலையையோ மெல்லிய துணியையோ வைத்து வெயிலில் காட்டினால், ஒளிபட்ட இடம் கறுக்கும்; பொருள் மறைத்த இடம் வெளுத்து நிற்கும். இதை டால்பட் கண்டறிந்திருந்தார். அவர் சில்ட்ரன் குடும்பத்துக்கு நண்பர். தம் முறைகளைக் கடிதம் வழியே அவர்களுக்கு அறிவித்தார். 1841ஆம் ஆண்டளவில் அன்னாவிடம் ஒரு கேமராவும் இருந்தது. ஆனால் அதைக்கொண்டு அவர் எடுத்த படம் எதுவும் இன்று கிடைக்கவில்லை.

வெள்ளி உப்பைக் கையாள்வதில் இடர்ப்பாடுகள் பல இருந்தன. பொருள் விலை மிகுந்தது. படத்தை நிலைநிறுத்த வேறு வேதிப்பொருள்கள் தேவைப்பட்டன. அவ்வளவு செய்தும் பல படங்கள் சில ஆண்டுகளில் மங்கி மஞ்சளாகிப்போயின.

இவ்வேளையில்தான் ஜான் ஹெர்ஷல் வேறொரு வழியைக் கண்டார். வானியல் அறிஞராகப் பெயர்பெற்ற இவரும் சில்ட்ரன் குடும்பத்தின் நண்பரே. ஒளிபட்டு நிறம் மாறும் பொருள்கள் எவையெவை என்று அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பூக்களின் சாற்றைப் பிழிந்து தாளில் பூசி, அதையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். சாறு மெல்ல மெல்ல வெளுத்துப் படம் தோன்றவே செய்தது. ஆனால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, தோன்றிய படமும் நிலைக்கவில்லை. 1842ஆம் ஆண்டில் அவர் இரும்பு உப்புகளைக் கொண்டு செய்த சோதனை வேறு விதமாக முடிந்தது. அழகிய ஆழ்ந்த நீலநிறப் படம் கிடைத்தது. அதை நிலைநிறுத்த வேறெந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லை. வெறும் தண்ணீரே போதுமானதாக இருந்தது. இம்முறைக்குச் சயனோடைப் என்று பெயர். தமிழில் நீல அச்சு எனலாம்.

செலவு குறைவு, செய்முறை எளிது, படம் நீடித்து நிற்கும். இத்தனை நலன்கள் இருந்தும் அன்றைய ஒளிப்படக் கலைஞர்கள் இதைப் பெரிதாக வரவேற்கவில்லை. அவர்கள் எடுக்க விரும்பியவை மனித உருவங்கள். முகம் நீலமாக வந்தால் யார் விரும்புவர்? கண்ணன் படத்துக்குப் பொருந்தும் நிறம் கனவான்களின் படத்துக்குப் பொருந்தவில்லை. அன்னா அச்சிட விரும்பியவையோ கடலில் வளரும் பாசிகள். அவற்றுக்கு நீலத்தைவிடப் பொருத்தமான நிறம் வேறு எது?

நீல அச்சு உருவாகும் முறை

பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளைத் தனித்தனியே நீரில் கரைத்து, இரண்டு கரைசல்களையும் ஒன்றாகக் கலப்பர். மங்கிய வெளிச்சமுள்ள அறையில், அக்கலவையைத் தூரிகையால் தாளில் பூசுவர். தாள் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். இருட்டில் அதை உலர வைப்பர். உலர்ந்த தாளின்மேல், பதப்படுத்திய பாசியைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியை அழுத்திப் பொருத்தி வெயிலில் வைப்பர்.

பின்னர் நடப்பதெல்லாம் கதிரவனின் வேலை. ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தாளில் படும்போது அங்குள்ள இரும்பு உப்பு வேறொரு நிலைக்கு மாறி, உடனிருக்கும் மற்ற உப்போடு சேர்ந்து, நீரில் கரையாத நீல வண்ணமாகிறது. பாசி மறைத்த இடத்தில் ஒளி படாததால் அங்கு மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. நல்ல வெயிலாயின் சில நிமிடங்கள் போதும். மேகம் சூழ்ந்தால் நேரம் நீளும். இங்கிலாந்தின் வானம் நம் நாட்டு வானத்தைப் போல வெயிலை வாரி வழங்குவது அன்று என்பதையும் கருத வேண்டும். தாளை எடுக்கும் நேரத்தைக் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டும். முந்தி எடுத்தால் நீலம் கழுவும்போது கரைந்தோடிவிடும். பிந்தி எடுத்தால் மெல்லிய பாசியின் ஊடாகவும் ஒளி புகுந்து, வெண்மையாக நிற்கவேண்டிய இடமும் நீலமாகிவிடும்.

இறுதியாகத் தாளைத் தண்ணீரில் அலசுவர். மாறாது நின்ற உப்புகள் மஞ்சளாகக் கரைந்து வெளியேறும். நீலப் பரப்பின் நடுவே பாசியின் உருவம் வெள்ளை வெளேரென்று தோன்றும். தாள் உலர உலர நீலம் இன்னும் ஆழமாகும். நிழல் என்றால் கருமை என்பதே வழக்கம். இங்கே நிழல் விழுந்த இடம் வெண்மையாகிறது. தடித்த தண்டு தூய வெண்மையாகவும், ஒளி ஊடுருவும் மெல்லிய இழை வெளிர்நீலமாகவும் பதிவதால், பாசியின் எப்பகுதி தடிப்பு, எப்பகுதி மெலிவு என்பதையும் படத்திலிருந்தே அறியலாம்.

பத்தாண்டு உழைப்பு

அன்னா பாசிகளைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. 1841ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் தாவரவியலார் பிரிட்டனின் பாசிகளைப் பற்றி ஒரு கையேட்டை வெளியிட்டார். வகைகளையெல்லாம் சொற்களால் விளக்கிய அந்நூலில் படங்கள் இல்லை. கடலைக் காணாமல் உள்நாட்டு நகரங்களில் வளரும் மாணவர் இக்குறையை எளிதில் உணர்வர். பாசிகளுள் சில, தலைமுடியை அவிழ்த்துவிட்டாற்போலப் பிரியும். சில, நாடாவைப் போல அகன்று நீளும். சில, கண்ணுக்கு எட்டாத நுண்ணிய கிளைகளாகப் படரும். இவற்றைப் படமின்றிச் சொல்லால் மட்டும் விளக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியச் செய்வது அரிது. இத்துணை நுண்ணிய உருவங்களைப் பிழையின்றி வரைவதும் அரிதே. வரையும் கையின் பிழை புகாமல், பாசியே தன் உருவத்தைத் தாளில் எழுதுமாறு செய்தால் என்ன என்று அன்னா எண்ணினார்.

ஹெர்ஷல் தம் முறையைக் கண்டறிந்த மறு ஆண்டே, 1843ஆம் ஆண்டு அக்டோபரில், பிரிட்டனின் பாசிகளைப் பற்றிய தம் நீல அச்சு நூலின் முதல் பகுதியை அன்னா வெளியிட்டார். பாசிகளுக்கு ஹார்வியின் நூலில் உள்ள பெயர்களையே இட்டார். முன்னுரையையும் எழுத்து அச்சுக்கோத்து அச்சிடவில்லை. தம் கையெழுத்தையே நீல அச்சாக்கினார். ஒவ்வொரு பாசியின் பெயரையும் சிறு தாள்துண்டில் மையால் எழுதி, ஒளி புகுமாறு அத்துண்டில் எண்ணெய் தடவிப் பாசியின் அருகே வைத்து அச்சிட்டார். மை மறைத்த இடத்தில் எழுத்துகள் வெண்மையாகப் பதிந்தன. நூலைத் தந்தைக்கு உரிமையாக்கினார். டால்பட் தம் ஒளிப்படங்களைச் சேர்த்து வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் பகுதி 1844ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது. ஆகவே முதன்மை அன்னாவுக்கே உரியது.

அதன்பின் பகுதி பகுதியாக நூல் வளர்ந்தது. 1853ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது முழுமையான ஒரு படியில் ஏறக்குறைய 400 தாள்கள் இருந்தன. இன்றைய அச்சகத்தில் ஒரு பக்கத்தை அமைத்துவிட்டால் ஆயிரம் படிகள் தாமாகவே வந்து விழும். நீல அச்சில் அது இயலாது. ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு தாளிலும் கரைசல் பூசி, உலர்த்தி, அதே பாசியை மீண்டும் எடுத்துவைத்து, வெயிலுக்குக் காத்திருந்து, அலசி, மறுபடியும் உலர்த்த வேண்டும். பன்னிரண்டு படிகள் எனக் கொண்டாலும் தாள்களின் எண்ணிக்கை 5,000ஐ நெருங்கும். உலர்ந்த பாசி எளிதில் நொறுங்குவது. ஒரே பாசியைப் பலமுறை சேதமின்றி எடுத்துவைக்க எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு படியிலுள்ள படத்துக்கும் மற்றொரு படியிலுள்ள அதே படத்துக்கும் இடையே பாசி சற்றே நகர்ந்திருப்பதையும், நீலத்தின் ஆழம் மாறியிருப்பதையும், ஓரங்களில் தூரிகையின் தடம் வேறுபடுவதையும் இன்றும் காணலாம்.

முதலில் அச்சிட்ட படங்களைவிடச் சிறந்த பாசி பின்னர் கிடைத்தால், அன்னா அதைப் புதிதாக அச்சிட்டு, பழைய தாளை நீக்கி இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு நூலைப் பெற்றவர்களுக்கு அனுப்பினார். அவர் நூலை விற்கவில்லை. நண்பர்களுக்கும் அறிஞர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் வழங்கினார். டால்பட்டுக்கு ஒன்று, ஹெர்ஷலுக்கு ஒன்று, ராயல் சொசைட்டிக்கு ஒன்று என அவை சென்றன. அவரை உறுப்பினராக ஏற்க இயலாத கழகம் அவருடைய நூலை ஏற்றுக்கொண்டது.

1852ஆம் ஆண்டின் முதல் நாளன்று தந்தை மறைந்தார். நூல் முற்றுப்பெறுவதை அவர் காணவில்லை. அன்னாவுக்கு அது பேரிழப்பு. அவ்வாண்டுக் கோடையில் ஆன் டிக்சன் என்னும் தோழி ஹால்ஸ்டெட்டுக்கு வந்து அவரோடு தங்கினார். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் உறவினரான ஆன், சிறுவயது முதலே அன்னாவுக்கு உடன்பிறவாச் சகோதரியாக இருந்தவர். துயரில் இருந்தவருக்கு ஆறுதல் மொழிகள் மட்டும் போதா. கைக்கு வேலையும் வேண்டும். அன்னா தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தோழியர் இருவருமாகச் சேர்ந்து பெரணிகளையும் பூக்கும் செடிகளையும் நீல அச்சாக்கி, 1853, 1854ஆம் ஆண்டுகளில் இரு தொகுப்புகளை உருவாக்கினர். கப்பலேறி வந்த செடிகளும் அவற்றில் இடம்பெற்றன. சில படங்களின் கீழே ஜமைக்கா என்றும் சிலவற்றின் கீழே சிலோன் என்றும் எழுதப்பட்டுள்ளன. ஈழத்துக் காட்டில் துளிர்த்த பெரணி இங்கிலாந்தின் வெயிலில் கிடந்து வெண்ணிழலாயிற்று.

இரண்டு எழுத்துகளுக்குள் ஒரு பெயர்

1865ஆம் ஆண்டில் அன்னா தாம் சேகரித்த உலர்செடிகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1871ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், தம் 72ஆம் வயதில், ஹால்ஸ்டெட் இல்லத்திலேயே காலமானார்.

பாசி நூலில் அவர் தம் முழுப்பெயரைப் பொறிக்கவில்லை. முன்னுரையின் கீழே ஏ. ஏ. என்னும் முதலெழுத்துகளை மட்டுமே இட்டிருந்தார். நூலைப் பெற்ற நண்பர்கள் அவரை அறிவார்கள். அவர்களுக்கு அது போதும். அவர்களுடைய தலைமுறை மறைந்தபின் எழுத்துகள் மட்டும் எஞ்சின. 1880களின் இறுதியில் வில்லியம் லாங் என்னும் ஸ்காட்லாந்துச் சேகரிப்பாளருக்கு இந்நூலின் ஒரு படி கிடைத்தது. நீலப் பக்கங்களைக் கண்டு வியந்த அவர், ஏ. ஏ. என்பது பெயர் வெளியிட விரும்பாத ஒரு கலையார்வலரைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாக இருக்கும் என்று கருதினார். அவை ஒரு பெண்ணின் பெயருக்கு உரியவை என்பது அவருக்குப் பின்னரே தெரியவந்தது.

அதற்குள் நீல அச்சு முறையே வேறு துறைக்குச் சென்றுவிட்டது. 1870களிலிருந்து பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் தம் வரைபடங்களைப் படியெடுக்க அதைக் கையாண்டனர். புளூபிரிண்ட் என்னும் சொல் அவ்வாறு பிறந்ததே. வீடு, பாலம், இரயில் எஞ்சின் எனப் பலவும் முதலில் நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகத் தோன்றிய பின்னரே உருப்பெற்றன. அம்முறையில் முதன்முதலாக ஒரு நூலையே படைத்தவரைப் பற்றி அப்பொறியாளர்களுள் எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நூறாண்டுக்குமேல் கடந்தபின், 1985ஆம் ஆண்டில், ஒளிப்பட வரலாற்றறிஞர் லாரி ஷாஃப் அன்னாவைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். அதன்பின்னரே அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது.

ஹெர்ஷலுக்கு அன்னா வழங்கிய படி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் ஒரு படியைப் பெற்றுள்ளது. அந்நூல்களைக் காப்போர் அவற்றை வெளிச்சத்தில் நெடுநேரம் வைப்பதில்லை. நீல அச்சு வெயிலில் பிறந்தாலும் மிகுந்த ஒளிபட்டால் வெளுக்கக்கூடியது. வெளுத்த படத்தைச் சில காலம் இருட்டில் வைத்திருந்தால் அதன் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆதலால் சில நாள் காட்சிக்கு வைத்த பக்கத்தை மூடி, இருண்ட பெட்டிக்குள் வைத்து, அதற்கு நெடுங்காலம் ஓய்வு தருகின்றனர்.